தணிகாசலத்தின் பூமி பூஜை

மனை வியாபாரி தணிகாசலத்துக்கு வயது அறுபதை நெருங்குகிறது. அவருடைய குரு திலகவதியம்மை அவரைவிட இளையவர். ஆனாலும் அவர் முன்னால் தணிகாசலம் கைகட்டித்தான் நிற்பார்.

அன்று வந்தவர் வணங்கிவிட்டு உட்காராமலே இருந்தார்.

"என்ன ஆச்சு?" என்றார் குரு.

"பூமி பூஜையில ஏதோ குறை வெச்சுட்டேம்மா."

"என்ன குறை?"

"அதுதான் தெரியலை."

தணிகாசலம் பூஜையில் குறை வைக்கிற ஆளே இல்லை. ஊருக்குக் கிழக்கே தாழம்புதரும் ஈச்சமரமும் மண்டிக்கிடந்த பள்ளத்தை வாங்கியபோது, புல்டோசரை வெளியே நிறுத்திவிட்டு முதலில் ஐயரைத்தான் உள்ளே அனுப்பினார். 'இங்கே குடியிருக்கும் உயிர்களே, எங்களுக்கு இடம்விட்டு வேறிடம் போய்ச் சுகமாக இருங்கள்' என்று ஐயர் வழக்கப்படி வேண்டிக்கொண்டார். தணிகாசலமும் மனதார வேண்டிக்கொண்டார். அதற்குப் பிறகுதான் லாரிகளில் மண் வந்து இறங்கியது.

இப்போது பாதிப் பள்ளம் வீடுகளாகிவிட்டது.

"நேத்து ஒரு வீட்டுல, தொட்டிலுக்குக் கீழ சாரைப்பாம்பு. விஷமில்லைன்னு நான் சொல்றதுக்குள்ள அடிச்சுட்டாங்க. வயித்துல முட்டை இருந்துச்சும்மா."

தணிகாசலம் நல்ல மனிதர்தான், பாவம். நல்ல மனிதர்கள் செய்கிற கெடுதலுக்கு யாரைத் திட்டுவது என்றுதான் தெரிவதில்லை.

"மிச்சப் பள்ளத்தைத் திங்கக்கிழமை மூடறோம். இந்தத் தடவை நீங்களே பூஜையை நடத்திக் கொடுக்கணும்."

"பிளான் கொண்டுவந்திருக்கீங்களா?"

தணிகாசலம் வரைபடத்தை எடுத்துத் தரையில் விரித்தார். குரு குனிந்து பார்த்தார்.

"இந்தப் பச்சை?"

"பார்க்கும்மா. புல்தரை, சறுக்குமரம், சிமெண்ட்ல ரெண்டு மான்."

"நீலம்?"

"நீச்சல்குளம்."

"பள்ளத்துல தேங்குற மழைத்தண்ணி?"

"குழாய் போட்டு வெளியே தள்ளிடுவோம்."

"சுத்துச்சுவத்துக்கு அந்தப் பக்கம்?"

"அது என் மச்சான் போட்ட லேஅவுட்."

"அதுக்கும் அந்தப் பக்கம்?"

"நாலுவழிச் சாலை."

குருவின் விரல் அந்தக் கட்டங்களின் மேல் ஒவ்வொன்றாக ஊர்ந்து தாளின் ஓரத்தில் போய் நின்றது. தணிகாசலத்துக்குப் பயமாகிவிட்டது.

"வருவீங்களாம்மா?"

"போன பூஜைக்கும் வந்திருந்தேனே. உங்க பக்கத்துலதான் கைகூப்பி நின்னேன். எனக்கும் அன்னிக்குக் கேக்கத் தோணலை."

"என்னம்மா கேக்கணும்?"

குரு வரைபடத்தை அவர் பக்கம் திருப்பி வைத்தார்.

"வர்றேன், தணிகாசலம். ஆனா இந்தத் தடவை 'வேறிடம் போங்க'ன்னு மட்டும் சொல்லி அனுப்ப என்னால முடியாது. எந்த இடம்னு நீங்களே அதுங்ககிட்ட சொல்லிடுங்க."