நூற்று நாற்பத்து மூன்றாம் பக்கம்

"நான் எழுதினது அப்படியே நடந்துடுச்சு சாமி. அதுதான் என்னைத் தூங்க விடமாட்டேங்குது."

சொன்னவர் பேராசிரியர் திருவேங்கடம். அறுபத்தோரு வயது. ஆற்றுத் தண்ணீர் எப்படி ஓடுகிறது, மணலை எங்கிருந்து எடுத்து எங்கே போடுகிறது என்று முப்பது வருடம் ஆராய்ந்தவர்.

எதிரே தரையில் உட்கார்ந்திருந்த சாமிக்கு நாற்பதுகூட ஆகவில்லை. காவி கட்டுவதற்கு முன் இதே ஆற்றில் மணல் லாரி ஓட்டியவர். ஊரில் லாரிச் சாமி என்றுதான் பெயர். சுடுகாட்டை ஒட்டிய தகரக் கொட்டகையில் இருந்தார்.

வெள்ளத்தில் ஆற்றுப் பாலம் உடைந்த அன்று நாலு பேரைக் கரைக்கு இழுத்துப் போட்டவர் அவர்தான்.

நாலு பேருக்கும் உயிர் இல்லை.

"என்ன எழுதினீங்க?" என்று கேட்டார் சாமி.

பேராசிரியர் பையிலிருந்து அறிக்கையை எடுத்தார். இருநூற்றுப் பன்னிரண்டு பக்கம். நூற்று நாற்பத்து மூன்றாம் பக்கத்தைப் புரட்டி நீட்டினார்.

சாமி விரல் வைத்து மெதுவாகப் படித்தார்.

"உயர் வெள்ளக் காலங்களில் மூன்றாம் தூணின் நிலைத்தன்மை கேள்விக்குரியதாகலாம்."

இன்னொரு தரம் படித்தார்.

"பாலம் விழும்னு எங்க இருக்கு?"

"அதுக்கு அர்த்தமே அதுதான் சாமி."

"ஓ."

சாமி அறிக்கையை மூடித் திருப்பிக் கொடுத்தார்.

"அனுப்ப வேண்டிய இடத்துக்கு அனுப்பினேன்" என்றார் பேராசிரியர். "வந்து சேர்ந்ததுன்னு ஒரு வரி பதில் போட்டாங்க. அதோட சரி. ரெண்டு வருஷம் யாரும் திறந்துகூடப் பார்க்கலை. ஐப்பசியில வெள்ளம் வந்துச்சு. பதினோரு பேர்."

அவர் குரல் உயர்ந்தது.

"என் கணக்குல ஒரு தப்பு கிடையாது. மேல அணை மணலைப் பிடிச்சு வச்சுக்கிச்சு. கீழ இருந்ததை லாரி அள்ளிடுச்சு. மணல் இல்லாம வர்ற தண்ணி, கிடைக்கிற மண்ணை அரிச்சுக்கிட்டுத்தான் போகும். தூணோட அடிமண்ணு கிடைச்சுது. நான் சொன்னேன். அவங்க கேட்கலை. அப்புறம் ஏன் எனக்குத் தூக்கம் வரலை?"

சாமி எழுந்தார். மூலையில் கிடந்த இரண்டு பிளாஸ்டிக் குடங்களை எடுத்தார். ஒன்றை அவரிடம் நீட்டினார்.

"தூக்குவீங்களா?"

"எங்க?"

"பொற்கலைன்னு ஒருத்தங்க. அவங்க வீட்டுக்கு தினமும் நான்தான் தண்ணி ஊத்துறேன்."

குழாயடியில் பிடித்துத் தோளில் வைத்துக்கொண்டு நடந்தார்கள். பேராசிரியரின் சட்டை பாதி நனைந்துவிட்டது.

"அந்தம்மாவுக்கு யாரும் இல்லையா?"

"புருஷனும் மகளும் ஷேர் ஆட்டோவுல பாலத்து மேல போய்க்கிட்டிருந்தாங்க. புருஷன் மறுநாள் கிடைச்சாரு. மக பவதாரணி இன்னும் கிடைக்கலை."

கொஞ்ச தூரம் போனதும் சாமி தானாகச் சொன்னார்.

"அந்தத் தூணுக்குப் பக்கத்துல நான் மட்டும் ஆறு வருஷம் அள்ளியிருக்கேன் ஐயா. அவங்ககிட்ட போய் அதைச் சொன்னேன்."

"என்ன சொன்னாங்க?"

"ஒண்ணும் சொல்லலை. மறுநாள் குடத்தோட போனேன். வராதேன்னு இன்னும் சொல்லலை."

பொற்கலை வாசலில் உட்கார்ந்து சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். அவர்கள் டிரம்மில் தண்ணீரைக் கொட்டினார்கள்.

"அக்கா, இவரு ஆத்தைப் பத்திப் படிச்சவரு. பாலத்தைப் பத்தி உங்ககிட்ட ஒண்ணு சொல்லணுமாம்" என்றார் சாமி.

பேராசிரியர் திடுக்கிட்டார். அப்படி எதுவும் அவர் சொல்லியிருக்கவில்லை.

பொற்கலை நிமிர்ந்து பார்த்தாள்.

"அதாவது... வண்டல் வரத்து குறைஞ்சதால ஆற்றுப்படுகையோட மட்டம் வந்து..."

அவள் மரியாதையாகக் கேட்டுக்கொண்டிருந்தாள். ஒரு வார்த்தைகூடப் புரியவில்லை என்பது முகத்தில் தெரிந்தது.

"அரிமான ஆழம்..." என்று ஆரம்பித்து நிறுத்தினார்.

சாமி உதவிக்கு வரவில்லை.

பேராசிரியர் அவளுக்கு எதிரே மண்ணில் உட்கார்ந்தார்.

"தூணுக்கு அடியில மண்ணு இல்லைம்மா. பெரிய வெள்ளம் வந்தா பாலம் விழுந்துடும்னு எனக்குத் தெரியும்."

வெங்காயம் உரித்த கை நின்றது.

"எப்பலேருந்து?"

"ரெண்டு வருஷமா."

அவள் அழவில்லை. கத்தவும் இல்லை.

"உங்களைப் பார்த்திருக்கேன்" என்றாள். "ஆத்துக்குள்ள நின்னு என்னமோ அளந்துக்கிட்டிருப்பீங்க."

"ஆமாம்மா. மாசம் ஒரு தடவை வருவேன்."

"நீங்க டவுன்லேருந்துதானே வரணும்?"

"ஆமாம்மா."

"டவுன் அக்கரையில இருக்கு."

பேராசிரியர் தலையசைத்தார்.

"அந்த ரெண்டு வருஷமும் எந்த வழியா வந்தீங்க?"

கோபமாகக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள்.

சாமி திரும்பிப் பேராசிரியர் முகத்தைப் பார்த்தார்.

"சுத்து வழியா வந்தேம்மா" என்றார் பேராசிரியர். "பாலத்துல ஏறலை."