பந்து வராத இடம்

தன்னிடம் படித்தவளிடமே போய்ப் படிக்க வேண்டும் என்று முடிவெடுக்க வள்ளிமயிலுக்கு நான்கு வருடங்கள் ஆயின.

அவள் ஒரு பெண்கள் கல்லூரியில் விளையாட்டு ஆசிரியை. வயது நாற்பத்தெட்டு. அவளுடைய பேஸ்பால் அணி ஒவ்வொரு வருடமும் அரையிறுதி வரை போகும். அங்கே தோற்கும். கடந்த நான்கு வருடமும் கோப்பையை எடுத்துப் போனது சலேத்மேரியின் அணி. சலேத்மேரி பதினைந்து வருடங்களுக்கு முன்பு வள்ளிமயிலிடம் பந்து பிடிக்கக் கற்றவள். இப்போது வேறொரு கல்லூரியில் பயிற்சி கொடுக்கிறாள்.

இந்த வருடம் கல்லூரி முதல்வர் கூப்பிட்டுச் சொல்லிவிட்டார். இறுதிப் போட்டிக்குப் போகாவிட்டால் இனிமேல் அணி கிடையாது. மைதானத்தில் கட்டடம் வரும். விளையாட்டை வைத்து இடம் வாங்கி விடுதியில் தங்கிப் படிக்கிற பதினான்கு பெண்கள் பிறகு எங்கே போவார்கள் என்று அவர் சொல்லவில்லை.

போட்டிக்குப் பன்னிரண்டு நாள் இருந்தது. வள்ளிமயில் நான்கு நாள் விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டுப் பஸ் ஏறினாள்.

சலேத்மேரி மைதானத்தில் சுண்ணாம்புக் கோடு போட்டுக்கொண்டிருந்தாள். கையைத் துடைத்துக்கொண்டு ஓடி வந்தாள்.

"வாங்க மேடம். சாப்டீங்களா?"

"சாப்பாடு கிடக்கட்டும். என்னை மேடம்னு கூப்பிடாதே. கேக்க வந்திருக்கிறது நான்."

"கேளுங்க மேடம்."

"எங்க பிள்ளைகளை எது மேல ஏற விடாமத் தடுக்குது? கையுறை எல்லாம் பழசு. மட்டை ரெண்டுதான். மைதானம் பூரா கல்லு. பந்து வீசுற பொண்ணுக்குத் தோள்வலி. விடுதியில முட்டை போட மாட்டேங்கிறாங்க. இதுல எது?"

சலேத்மேரி தன் பெண்கள் போட்டிருந்த கையுறைகளைக் காட்டினாள். எல்லாம் நைலான் நூலால் தைத்து ஒட்டுப்போட்டவை.

"எங்ககிட்ட மட்டை மூணு இருக்கு. ஒண்ணு விரிசல்."

"அப்ப எதுதான்?"

"வலது ஓரத்துல நிக்கிற பொண்ணுக்கு நேத்துல இருந்து காய்ச்சல். நீங்க போய் நில்லுங்க."

"நானா? முட்டி போயிரும்டி."

"மெதுவா ஓடினாப் போதும்."

வேலை எளிதானது. அடித்த பந்தை யாராவது எடுத்து, அடித்தவள் ஓடித் தொட வேண்டிய முதல் பேஸில் நிற்கிற பெண்ணுக்கு எறிவார்கள். எறிந்தது அவள் கைக்குத் தப்பினால் பின்னால் உருண்டு வெகுதூரம் போய்விடும். அதனால் ஒவ்வொரு முறை எறியும்போதும் வலது ஓரத்தில் நிற்பவள் அந்தப் பேஸுக்குப் பின்னால் ஓடி வந்து நிற்க வேண்டும். தப்பினால் எடுக்கலாம். தப்பாவிட்டால் திரும்பித் தன் இடத்துக்குப் போக வேண்டியதுதான்.

முதல் நாள் வள்ளிமயில் ஓடினாள். திரும்பினாள். மறுபடி ஓடினாள். ஒரு பந்தும் தப்பவில்லை.

முதல் பேஸில் நின்ற பூங்கனி என்ற பெண் திரும்பிப் பார்த்துச் சிரித்தாள்.

"என் மேல அவ்வளவு சந்தேகமா, பெரிய மேடம்? என் கைக்கு வந்தது எங்கேயும் போகாது."

"பேச்சைக் குறைடி," என்று சலேத்மேரி அங்கிருந்தே கத்தினாள். "அவங்க ஓடட்டும்."

பயிற்சி முடிந்ததும் ஒரு பெண் குடமும் டம்ளருமாக வந்தாள். முதல் தண்ணீரை வள்ளிமயிலிடம் நீட்டினாள். வயதுக்குக் கொடுக்கிற மரியாதை என்று நினைத்து வாங்கிக் குடித்தாள்.

இரண்டாம் நாளும் அப்படியே போனது. முதல் தண்ணீரும் அப்படியே வந்தது. வள்ளிமயிலுக்கு எரிச்சலாக இருந்தது. அங்கே தன் பிள்ளைகள் ஒழுங்காகப் பயிற்சி செய்கிறார்களா, தோள்வலிக்காரி எண்ணெய் தேய்த்தாளா என்று மூன்று முறை போன் செய்தாள்.

"சலேத், ரெண்டு நாளா ஒரு பந்துகூட வரலை."

"வரலையா? சந்தோஷம் மேடம்."

"என்னடி சந்தோஷம்? நான் படிக்க வந்தேனா, பந்து பொறுக்க வந்தேனா?"

"பொறுக்கக்கூட இல்லையே, மேடம்."

பக்கத்தில் நின்ற பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டார்கள். வள்ளிமயிலுக்கே சிரிப்பு வந்துவிட்டது.

மூன்றாம் நாள் அவளால் ஓட முடியவில்லை. முட்டியில் வீக்கம். கொஞ்சம் ஓடிப் பார்த்தாள். பிறகு நின்ற இடத்திலேயே நின்றாள். யாரும் ஒன்றும் சொல்லவில்லை. யாரும் கவனிக்கவும் இல்லை என்று நினைத்தாள். பந்து அன்றும் தப்பவில்லை.

மாலையில் குடம் வந்தது. முதல் தண்ணீர் பந்து பிடிக்கிற கேட்சர் பெண்ணுக்குப் போனது. அடுத்தது இடது ஓரத்தில் நின்றவளுக்கு. வள்ளிமயில் கையை நீட்டப் போய் மடக்கிக்கொண்டாள். அவளுக்குத் தண்ணீர் வந்தபோது ஏழு பேர் குடித்திருந்தார்கள். எல்லோருக்கும் கடைசியாகக் குடித்தவள் பந்து வீசுகிற பெண். மாநில அணிக்கு ஆடியவள் அவள்தான்.

"ஏம்மா, இன்னிக்கு என்னை மறந்துட்டியா?"

குடம் வைத்திருந்த பெண் தயங்கினாள். "இல்லை மேடம். இன்னிக்கு நீங்க ஒன்பது தடவைதான் ஓடினீங்க."

"ஒன்பதா?"

"நேத்து அறுபத்து நாலு. அதுக்கு முந்தின நாள் ஐம்பத்தெட்டு. பந்து கைக்கு வராம யார் அதிகமா ஓடினாங்களோ அவங்களுக்குத்தான் முதல் தண்ணி."

"இதையெல்லாம் யாரு எண்ணுறா?"

அந்தப் பெண்ணுக்குக் கேள்வியே புரியவில்லை. "எல்லாரும்தான்," என்றாள்.

வள்ளிமயில் டம்ளரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். நாற்பத்தெட்டு வயதில், தெரியாத ஊரில், முட்டி வலியோடு தான் ஓடியதைப் பதினாறு பெண்கள் ஒவ்வொன்றாக எண்ணியிருக்கிறார்கள். கண் கலங்கியது. முகம் கழுவுகிற மாதிரி மிச்சத் தண்ணீரை முகத்தில் அடித்துக்கொண்டாள்.

அன்று அவளைப் பஸ் ஏற்றிவிட சலேத்மேரி கூட வந்தாள். நான்காம் நாள் தேவையில்லை என்று வள்ளிமயில் சொல்லிவிட்டாள். நிறுத்தத்தில் இருவர் மட்டும் நின்றார்கள்.

"இதை நீ எங்க படிச்சே, சலேத்?"

"உங்ககிட்டதான்."

"நான் யாருக்கும் இதைச் சொல்லிக் கொடுத்ததே இல்லையே."

"முதல் வருஷம் நான் எங்க நின்னேன், ஞாபகம் இருக்கா மேடம்?"

"நீ கேட்சர்."

"அது ரெண்டாவது வருஷத்துல இருந்து. முதல் வருஷம் வலது ஓரம். பந்து பிடிக்கத் தெரியாத பிள்ளையைத்தானே அங்க நிறுத்துவோம்."

வள்ளிமயில் அவள் பக்கம் திரும்பினாள்.

"விருதுநகர்ல பதினொண்ணுக்கு ரெண்டுன்னு தோத்தோம். எனக்கு ஒரு பந்து வரலை. வேன்ல கடைசி சீட்டுல உக்காந்து அழுதேன். நான் எதுக்கு வந்தேன், நாளைக்கே ஊருக்குப் போயிருவோம்னு நினைச்சேன். நீங்க முன்னாடி இருந்து எந்திரிச்சு வந்து பக்கத்துல உக்காந்தீங்க. 'நாற்பத்தோரு தடவை ஓடினே. நான் எண்ணிக்கிட்டே இருந்தேன்'னு சொன்னீங்க. அவ்வளவுதான். அதுக்கப்புறம் நான் ஊருக்குப் போகலை."

வள்ளிமயிலுக்கு வேன் நினைவுக்கு வந்தது. வழியெல்லாம் மழை. ஜன்னல் சாத்த முடியாமல் எல்லோரும் நனைந்தார்கள். தான் சொன்னது மட்டும் நினைவுக்கு வரவில்லை.

"அப்படியா சொன்னேன்?"

"சொன்னீங்க. அதுலதான் மேடம் நான் இன்னிக்கு வரைக்கும் சாப்பிடுறேன்."

வள்ளிமயில் அவள் கையைப் பிடித்தாள். சுண்ணாம்பு இன்னும் விரலில் ஒட்டியிருந்தது. கொஞ்ச நேரம் விடவில்லை.

"உனக்கு நான் நன்றி சொல்லலாம்னு பாத்தா, நீ எனக்குச் சொல்றே."

சலேத்மேரி சிரித்தாள்.

"அப்ப எண்ணத் தோணுனது இப்ப எனக்கு ஏன் தோணலை?"

"அன்னிக்கு நாம ஜெயிப்போம்னு ஒருத்தரும் நினைக்கலை மேடம். எங்களைப் பாக்க உங்களுக்கு நேரம் இருந்துச்சு."

தூரத்தில் பஸ்ஸின் ஹாரன் கேட்டது. வள்ளிமயிலின் பழைய பதற்றம் திரும்பிவிட்டது.

"ஒன்பது நாள்தான்டி இருக்கு. தோத்தா மூடிருவாங்க. அந்தப் பதினாலு பிள்ளைகளை நினைச்சா எனக்குத் தூக்கமே வரலை."

"பதினாலு பேர் யாரு யாரு மேடம்?"

"யாருன்னா? பந்து வீசுறவ இளநங்கை. பிடிக்கிறவ ஃபாத்திமா பீவி. முதல் பேஸ் சுடரொளி..."

விரலை மடக்கி மடக்கிச் சொன்னாள். யாருக்கு எந்த ஊர், யாருக்கு அப்பா இல்லை, யார் இரண்டு பாடத்தில் பெயில் என்பது வரை சொன்னாள். பதின்மூன்று பெயர் வந்தது.

"வலது ஓரத்துல ஒரு பொண்ணு இருக்கா. ஒல்லியா, உயரமா. முதல் வருஷம். பதினேழாம் நம்பர் சட்டை போட்டிருப்பா."

நிறுத்தினாள்.



பஸ் வந்து நின்றது. ஆட்கள் இறங்கினார்கள், ஏறினார்கள். வள்ளிமயில் மடக்காத ஒற்றை விரலோடு படியில் ஏறி, கம்பியைப் பிடித்துக்கொண்டு திரும்பினாள்.

"அவ பேரு..."

"பஸ் கிளம்புது மேடம். போய் அவகிட்டயே கேளுங்க."