பன்னிரண்டு பேருக்கு ஒரு பாதை

"செத்தவன் போக மாட்டேன் என்கிறான், அம்மா" என்றார் சவரிமுத்து.

உலகம்மாள் சர்வர் அறையில் இருந்தாள். உப்புக் கம்பெனி அலுவலகத்தில் அவருக்குக் கம்ப்யூட்டர் வேலை கற்றுக்கொடுத்தவள் அவள்தான். ஆசிரியைக்கு முப்பத்தாறு வயது. சீடருக்கு ஐம்பத்தேழு.

அவள் ஸ்டூலைக் காட்டினாள். அவர் உட்காரவில்லை.

மேலாளர் பரஞ்சோதி இறந்து ஆறு வாரம் ஆகிறது. அதன் பிறகு அலுவலகத்தில் இருக்கும் பன்னிரண்டு பேருக்கும் புதிதாக அக்கவுண்ட் போட்டது சவரிமுத்து. அன்றிலிருந்து யார் எந்த நாற்காலியில் உட்கார்ந்து தன் பெயரையும் பாஸ்வேர்டையும் போட்டாலும், திரையில் வருவது பரஞ்சோதியின் திரை. அவர் வைத்திருந்த கடல் படம். கடலுக்கு நடுவில் ஒரு கடிதம்.

'சவரிமுத்துவுக்கு' என்று அதற்குப் பெயர்.

"படித்தீர்களா, அண்ணாச்சி?"

"எதற்கு? எனக்கு வர வேண்டிய நாற்காலியில் பத்தொன்பது வருடம் உட்கார்ந்தவன். ஒரு வார்த்தை பேசினதில்லை. செத்த பிறகு என்ன பேச்சு?"

தினமும் ஐந்து மணிக்கு அதை அழித்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போகிறாராம். காலையில் வந்தால் அதே இடத்தில் இருக்கிறதாம். அலுவலகமே பார்க்கிறது. தபால் வந்து கிடக்கிறது, கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொள்ளும் என்று பக்கத்து மேஜை மரியதாஸ் தினமும் கேலி செய்கிறான்.

உலகம்மாள் அக்கவுண்டுகளைத் திறந்தாள். ஒவ்வொருவருடைய சாமானும் சர்வரில் எந்தப் பெட்டியில் இருக்கிறது என்று ஒரு பாதை சொல்லும். பன்னிரண்டு பாதைகளும் ஒரே பெயரில் போய் முடிந்தன.

பரஞ்சோதி.

"கடைசியில் அவரவர் பெயர் வர வேண்டும் என்று சொன்னேனே."

சவரிமுத்து தரையைப் பார்த்தார். முதலில் போட்டது தன் அக்கவுண்டைத்தானாம். அவனுக்கு இருந்ததெல்லாம் தனக்கும் வேண்டும் என்று, அவனுடையதைப் பார்த்து ஒரு எழுத்து விடாமல் அடித்தாராம். பிறகு மற்றவர்களுக்கும் அதையே.

"எல்லாம் கேட்டீர்கள். எல்லாம் வந்துவிட்டது."

"அழித்தது ஏன் திரும்பி வருகிறது?"

"காலையில் நீங்கள் திறக்கும்போது கம்ப்யூட்டர் பெட்டியிலிருந்து ஆளுக்கொரு நகல் எடுக்கிறது. மாலையில் மூடும்போது அதைத் திருப்பி வைக்கிறது. கடைசியாக மூடுகிறவர் வைத்ததுதான் பெட்டியில் நிற்கும். நீங்கள் ஐந்துக்குப் போகிறீர்கள். மற்றவர்கள் ஐந்தரைக்கு."

அவள் பதினொரு பாதைகளில் பதினொரு பெயர்களை எழுதினாள். வெளியே ஒவ்வொரு திரையாகக் கடல் போயிற்று.

பன்னிரண்டாவதை அவள் தொடவில்லை.

"இதை மாற்றினால் கடிதம் பெட்டிக்குள்ளேயே கிடக்கும். முதலில் அழியுங்கள். பாதையை நாளை மாற்றலாம். இனி அந்தப் பெட்டிக்குப் போகிறவர் நீங்கள் ஒருவர்தான். நீங்கள் அழித்தால் திரும்ப வைக்க ஆளில்லை."

நான்கு மணிக்கு அவள் பார்த்திருக்க அவர் அழித்தார். திரையில் கடல் மட்டும் இருந்தது.

மறுநாள் காலை அவர் மறுபடி வந்து நின்றார். முகம் வெளுத்திருந்தது.

"இருக்கிறது, அம்மா."

அவள் அவருடைய நாற்காலிவரை நடந்தாள். கடிதத்தின் மேல் அம்புக்குறியை வைத்தாள். கடைசியாகச் சேமித்த நேரம் தெரிந்தது.

"நேற்று ஐந்தே முக்கால். அழித்ததைக் குப்பைத்தொட்டியிலிருந்து யாரோ திரும்ப எடுத்திருக்கிறார்கள். யார் இருந்தார்கள்?"

"எல்லோரும் போய்விட்டார்கள்."

"நீங்கள்?"

அவர் யோசித்தார். பஸ் ஏறியது நினைவில் இருந்தது. எந்த பஸ் என்று நினைவில்லை.

"நான் மட்டும்."

அவள் கடிதத்தைத் திறந்து திரையை அவர் பக்கம் திருப்பினாள். தான் பார்க்கவில்லை.

ஆறு வாரத்துக்கு முந்தைய வரி ஒன்றுதான் இருந்தது. 'சவரிமுத்து, உன்னிடம் ஒன்று சொல்ல வேண்டும்.'

அதற்குக் கீழே, நேற்றைய வரி.

'சொல்லுடா.'