வாய் மூடிய பிறகு வந்த பாட்டு

தன்னை மிஞ்சிய பாடகர் இல்லை என்ற நினைப்பு வேதாசலத்துக்கு. ஒருநாள் சீடர்கள் சூழ வீட்டுக் கம்ப்யூட்டரில் தன் கச்சேரி வீடியோவைப் போட்டு, கடம் வாசித்த பொன்மலரைக் கூப்பிட்டு நிறுத்தினார்.

"பாரும்மா! உன் கை கடத்துல விழுந்து அரை நொடி கழிச்சுத்தான் சத்தம் வருது. தாளம் தப்பிப்போச்சு. அடுத்த கச்சேரிக்கு வேற ஆள்!"

"சரிங்கய்யா. உங்க வாய் மூடின பிறகும் பாட்டு வருதே, அதை யாரு பாடினது?"

சீடர்கள் சிரிப்பை விழுங்கினார்கள்.

"அது ஸ்பீக்கர் கோளாறு!" என்று கத்தினார் வேதாசலம்.

"என் கைக்கும் அதே ஸ்பீக்கர்தானே?" என்றவள், ப்ளூடூத் ஸ்பீக்கரை அணைத்துவிட்டு வயர் வைத்த பழைய ஸ்பீக்கரைச் செருகினாள். திரையில் கையும் வாயும் சத்தத்தோடு சேர்ந்துகொண்டன.

"தாளம் சரியா இருக்கு. அடுத்த கச்சேரிக்கு நான் வரணுமா, வேண்டாமா? இவங்க முன்னாடியே சொல்லுங்க."

"வாம்மா" என்ற பதில் வரத்தான் வெகுநேரம் தாமதமானது. அதைச் சரிசெய்ய எந்த வயரும் இல்லை.