சுவரைப் பார்த்த மேடம்

ஜுலைகாவுக்கு நடந்தது அநியாயம். அதுவும் துறையே கூடியிருந்த அறையில், வகுப்புத் தோழிகள் பார்க்க நடந்த அநியாயம். கடைசியில் பட்டம் வாங்கிவிட்டாள் என்பது வேறு. அநியாயம் அநியாயம்தான்.

பயன்பாட்டு நடத்தைப் பகுப்பாய்வில் முதுகலை. குழந்தைகளின் பழக்கங்களைக் கவனித்து, படிப்படியாகப் புதியதைக் கற்றுக்கொடுக்கும் படிப்பு. கடைசிப் படி வாய்மொழித் தேர்வு. வெளியூரிலிருந்து வந்த தேர்வாளர் கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கேட்டார்:

"ஏம்மா, இந்த ஆய்வு நீ செஞ்சதா, உங்க மேடம் செஞ்சதா?"

அறை சிரித்தது. பட்டம் நின்றது. அடுத்த மாதம் மறுபடி வரச் சொல்லி அனுப்பிவிட்டார்கள்.

அவள் நேரே ஆய்வு வழிகாட்டியான எஸ்தர் மேடத்தின் பயிற்சி மையத்துக்குப் போனாள். செருப்பைக் கழற்றும்போதே ஆரம்பித்துவிட்டாள்.

"அந்த ஆளு எப்படி மேடம் அப்படிக் கேக்கலாம்? ரெண்டு வருஷ உழைப்பு!"

"நீ என்ன பதில் சொன்னே?"

"எங்க சொல்ல? உங்களைப் பார்த்தேன். நீங்க மேஜையைப் பார்த்துக்கிட்டு இருந்தீங்க. லேசாத் தலையாட்டியிருந்தா என்ன குறைஞ்சுபோகும்?"

"அதுக்கு முந்தின கேள்விக்கு?"

"அப்பவும் உங்களைத்தான் பார்த்தேன்."

"அதுக்கும் முந்தி?"

ஜுலைகா குனிந்து செருப்பை ஓரமாகத் தள்ளி வைத்தாள்.

மேடம் எழுந்தார். "தாரகை வந்திருக்கா. வா."

தாரகைக்கு ஆறு வயது. பேச்சு இல்லை. முன்னால் ஒரு டம்ளர், ஒரு சீப்பு. எதை எடுக்கச் சொன்னாலும் எதிரில் இருப்பவர் கண்ணைத்தான் முதலில் பார்ப்பாள். கண் போகும் பக்கம் கை போகும். 'கையைப் பிடிச்சு எடுக்க வை' என்று மேடம் சொன்னபோது ஜுலைகா ஒரு வாரம் சண்டை போட்டாள். கேட்டுவிட்டுச் சுவரைப் பார்ப்பது அவள் கொண்டுவந்த வழி. ஆய்வே அதுதான்.

"சீப்பை எடு, தங்கம்."

சொல்லிவிட்டு ஜுலைகா சுவரைப் பார்த்தாள்.

குழந்தை அவள் கண்ணைத் தேடியது. கிடைக்கவில்லை. சிணுங்கியது. மேஜையை ஓங்கி ஓர் அடி அடித்தது.

பிறகு சீப்பு ஜுலைகாவின் மடியில் வந்து விழுந்தது.

"பாவம், அழப் பார்த்தா. கொஞ்சம் கண்ணைக் காட்டியிருக்கலாமே?" என்றார் மேடம்.

"காட்டினா காலம் பூரா என் கண்ணையேதான் பார்த்துக்கிட்டு இருப்பா மேடம். நாளைக்கு நான் இல்லாத இடத்துல..."

பாதியில் நிறுத்தி, மடியில் கிடந்த சீப்பைப் பார்த்தாள்.

மேடம் சீப்பை எடுத்துத் தாரகைக்குத் தலைவாரத் தொடங்கினார்.

அடுத்த மாதம். அதே அறை, அதே தோழிகள், அதே கண்ணாடி. எஸ்தர் மேடம் நாற்காலியைத் திருப்பிப் போட்டுச் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். துறைத் தலைவர் முறைத்தும் திரும்பவில்லை.

முதல் கேள்வி வந்ததும் ஜுலைகாவின் கழுத்து பழக்கத்தில் திரும்பியது. கிடைத்தது மேடத்தின் கொண்டை மட்டும்.

மேஜையை ஓங்கி அடிக்கலாம்போல் இருந்தது. அடிக்கவில்லை. பதில் சொன்னாள். அடுத்த கேள்விக்கும் சொன்னாள். அதற்கடுத்ததற்குக் கழுத்து திரும்பவே இல்லை.

தேர்வாளர் கண்ணாடியைக் கழற்றினார். "மறுபடியும் கேக்கிறேன். இது உன் ஆய்வா, மேடத்தோடதா?"

ஜுலைகா அவரைப் பார்த்தாள். அவரை மட்டும்.

"என்னோடது சார். மேடம் சொன்ன முறை தப்புன்னு நாலாவது அத்தியாயம் முழுக்க எழுதியிருக்கேன். நீங்க இன்னும் அதைப் படிக்கலையா?"