கண்ணைக் குத்தும் விளக்கு

"விளக்கு கண்ணைக் குத்துது, டீச்சர்" என்றார் பொன்னுராசு.

பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். மனைவி தாயம்மா பக்கவாதத்தில் விழுந்து பேச்சும் போனபின், பிரிசில்லா டீச்சரின் சனிக்கிழமை எலெக்ட்ரானிக்ஸ் வகுப்பில் சேர்ந்தார். டீச்சருக்கு அவர் வயதில் பாதிதான் இருக்கும்.

முதல் மாதமே ஒரு கருவி செய்துவிட்டார். தாயம்மாவின் அசைகிற கைக்குள் ஒரு பொத்தான். ஹாலில் டிவி பக்கத்தில் ஒரு சோப்பு டப்பா. அதற்குள் பேட்டரி, ரெசிஸ்டர், மேலே ஒரு பச்சை எல்.இ.டி. அவள் அமுக்கினால் எரியும். இவர் எழுந்து போவார்.

தெருவே மெச்சியது.

"ரொம்பக் கூப்பிடுதாங்களோ, அண்ணாச்சி?" என்று கேட்டார் டீச்சர்.

"போனா ஒண்ணும் கேக்க மாட்டா, டீச்சர். சும்மா என் மூஞ்சியப் பாத்துக்கிட்டே கெடப்பா. ஹால்ல சீரியல் போயிரும்."

"அப்போ கழத்தி வச்சிருங்க."

"அய்யய்யோ! பாவம்லா!"

டீச்சர் ரெசிஸ்டர் டப்பாவை அவர் பக்கம் நகர்த்தினார்.

"பெரிய ரெசிஸ்டரா போட்டா கரண்ட் கம்மியாப் போகும். வெளிச்சம் கொறையும். எவ்வளவு வேணும்னு உங்களுக்குத்தான் தெரியும்."

அடுத்த வாரம் வந்தார். இன்னும் பெரியது கேட்டார்.

அதற்கடுத்த வாரம் கேட்கவில்லை. ரெசிஸ்டர் டப்பாவைத் தானே திறந்து எடுத்துக்கொண்டார். கழற்றினால்தான் பாவமாம். குறைத்தால் இல்லையாம்.

நான்காம் சனிக்கிழமை சோப்பு டப்பாவும் பொத்தானுமாக வேர்க்க விறுவிறுக்க வந்தார்.

"பல்பு போயிருச்சு, டீச்சர். நாலு நாளா எரியவே இல்ல."

"நாலு நாளா பாக்கலியா?"

"வேளாவேளைக்குக் கஞ்சி ஊட்டிட்டுத்தான் வந்தேன். நடுவுல கூப்பிடலியே, உடம்பு தேவலைன்னு நெனச்சேன். நிம்மதியாத்தான் இருந்தேன்." டப்பாவை மேசையில் வைத்தார். "இன்னைக்கு வெள்ளன சும்மா எட்டிப் பாக்கேன். படுக்கை பூரா ஈரம். வெரலு பொத்தான் மேலயே இருக்கு. வேற பல்பு குடுங்க, டீச்சர்."

டீச்சர் பொத்தானை அமுக்கிப் பிடித்துக்கொண்டார்.

"பல்பு மேல ரெண்டு கையையும் குவிச்சு வையுங்க. விரல் இடுக்கு வழியாப் பாருங்க."

பொன்னுராசு குனிந்து பார்த்தார்.

உள்ளே இருட்டில், கடுகளவு பச்சை.

அவர் கையை எடுக்கவே இல்லை.

"எரியுது" என்றார்.

"ஆமா, அண்ணாச்சி."

"நாலு நாளும்?"

டீச்சர் சோப்பு டப்பாவைத் திறந்தார். சாலிடரிங் அயனைச் சூடாக்கி, அவர் கடைசியாகப் போட்ட ரெசிஸ்டரை எடுத்துவிட்டு, பழைய சின்ன ரெசிஸ்டரையே வைத்துக் கொடுத்தார்.

வீட்டுக்குப் போய் பொன்னுராசு ஒயரை மாட்டினார். டப்பாவைத் தாயம்மா பார்க்கும்படி கட்டிலருகே வைத்து, தானே ஒருமுறை அமுக்கிக் காட்டினார். அறையே பச்சையானது.

பொத்தானை அவள் கைக்குள் வைத்தார்.

"அமுக்கு, தாயி. ஒரே ஒரு தடவ. ஓடியாந்துருதேன்."

தாயம்மா விளக்கைப் பார்த்தாள். அவரைப் பார்த்தாள்.

பிறகு அந்த ஒரு விரலால் பொத்தானை மெல்ல மெல்லக் கட்டில் ஓரம்வரை தள்ளிக் கீழே விட்டாள்.