பச்சை எரிந்த மூன்று மணி நேரம்

"பச்சைதான எரியுது டீச்சர்? பெறகு என்ன சந்தேகம்?"

கேட்டவர் மாடக்கண்ணு. அணையின் கட்டுப்பாட்டு அறையில் முப்பது வருடம் குப்பை கொட்டியவர். மலைக்கும் அறைக்கும் புதிதாகக் கணினித் தொடர்பு கொடுத்த ஜெசிந்தா, அவருடைய மகளைவிட வயதில் சின்னவள். ஆனாலும் இரண்டு மாதமாக அவளிடம்தான் பாடம். கூச்சமே இல்லாமல் டீச்சர் என்று கூப்பிடுவார். அந்தக் குணம் எல்லோருக்கும் வாய்த்துவிடாது.

அன்று ஆடிப்பெருக்கு. அணைக்குக் கீழே படித்துறை முழுக்கச் சனம். பிள்ளைகள் முழங்கால் தண்ணீரில் ஆட்டம் போட்டுக்கொண்டிருந்தார்கள்.

மலையில் மேகம் கறுத்துக் கிடந்தது.

அணைக்குக் கீழே ஆற்றில் சேரும் காட்டாற்றில், மேலே மலையில் ஒரு கருவி நிற்கிறது. தண்ணீர் ஏறினால் உடனே அறைக்குச் சொல்லும். ஏறாவிட்டால் வாயே திறக்காது. தொடர்பு இருக்கும்வரை அறையின் திரையில் பச்சை எரியும். அங்கே கிளம்பும் வெள்ளம் படித்துறைக்கு வர நாற்பது நிமிடம். அதற்குள் சங்கு ஊதிக் கூட்டத்தைக் கரையேற்ற வேண்டும். ஊதும் அதிகாரம் மாடக்கண்ணுவுக்கு மட்டும்தான்.

கருவி கடைசியாக எப்போது பேசியது என்று ஜெசிந்தா விசாரித்தாள். ஒன்பது மணிக்கு, ஒரு விரல் அளவு ஏறியதாகச் சொன்னது என்றார். இப்போது மணி பன்னிரண்டு.

"பேசலைன்னா தண்ணி ஏறலைன்னு அர்த்தம். லைன் போச்சுன்னா சொல்லிட்டுத்தான போவும்? போன மாசம் ரிப்பேருக்கு நிறுத்தும்போது, ஒடனே செவப்பு விழுந்துட்டுல்லா?"

அவர் பயம் அவருக்கு. போன வருடம் சந்தேகத்தில் சங்கு ஊதினார். வெள்ளம் வரவில்லை. மேலதிகாரியிடம் செமத்தியாக வாங்கிக் கட்டிக்கொண்டார். இன்னொரு முறை அந்த அவமானத்தை அவரால் தாங்க முடியாது.

இன்னொன்றும் சொன்னார், அதுவும் பெருமையாக. ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை கருவியை நலம் விசாரித்து, பதில் வராவிட்டால் பச்சையை அணைக்கும் ஏற்பாடு ஒன்று இருந்தது. மழை மாதத்தில் சோலார் பேட்டரி வீணாக இறங்குகிறதே என்று, அதை அவரே நிறுத்திவிட்டாராம்.

ஜெசிந்தாவின் முகம் வெளிறியது. நாற்காலியில் உட்கார்ந்தாள். அப்படியே இருந்தாள்.

"என்ன டீச்சர், நான் செஞ்சது சரிதான?"

பதில் இல்லை.

"டீச்சர்?"

கண் திறந்துதான் இருந்தது. இமை ஆடவில்லை.

மாடக்கண்ணு ஓடிப்போய் அவள் தோளைப் பிடித்து உலுக்கினார்.

"ஏ தாயி, என்ன செய்யுது ஒனக்கு?"

அவள் நிமிர்ந்தாள்.

"அண்ணாச்சி, நான் அரை நிமிசம் பேசலை. அதுக்குள்ள மூணு தடவை கேட்டுட்டீங்க."

மாடக்கண்ணு திரும்பித் திரையைப் பார்த்தார். பச்சை எரிந்துகொண்டிருந்தது.

மலைக்கு ஒரு விசாரிப்பை அனுப்பினார்.

பதில் இல்லை.

மறுபடி அனுப்பினார். கீழே பிள்ளைகளின் கூச்சல் அறைவரை கேட்டது.

மூன்றாவது முறை.

அப்போதுதான் பச்சை அணைந்தது.

அவர் கேட்டார்: "வெள்ளம் அடிச்சிட்டுப் போயிட்டா, இல்ல பேட்டரிதான் போச்சா?"

"தெரியாது அண்ணாச்சி."

மாடக்கண்ணு சங்கின் பொத்தானை அழுத்தினார்.